நான்காம் கட்டையும் ஆறாம் கட்டையும்

...அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர், நான், என் மகள் ஜெயசீலி, அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியர் பார்த்தசாரதி, அவருக்கு மேலே துறைத் தலைவராக இருக்கும் உலகநாதன், பிறகு சோதனைக்கூடத்தில் கட்டைகளைத் தூக்கி வைக்கிற துலுக்கானம், அவ்வளவுதான், ஆறாவது ஆள் கிடையாது, எங்கள் சபை டேவிட் அங்கே இல்லை, டேவிட் அந்தக் கல்லூரியின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை, ஆனால் இதோ எனக்குப் பின்னால் சலூன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறான், நான் வாயைத் திறக்க முடியாது, ஏனென்றால் உத்தமன் என் மூக்குக்குக் கீழே சவரக்கத்தியை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, ஒன்பதுக்கு ஆராதனை, சவரம் செய்துகொள்ளாமல் நான் ஆராதனைக்குப் போனதில்லை, அது தெரிந்துதான் டேவிட் இந்த நேரத்துக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறானோ... கழுத்தில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி, முகமெல்லாம் நுரை, பதில் சொல்ல வழியில்லாத ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் கதையைச் சொல்வது எவ்வளவு சௌகரியம். கண்ணாடியில் அவன் பல் தெரிகிறது. “நீ இன்னா நெனச்சுக்கினு கீற உத்தமா, அண்ணாத்தே லேசுப்பட்ட ஆளா? பொண்ணு மேல பழி போட்டுட்டானுங்க, பொய் நம்பர் எய்திட்டான்னு. உடுவாரா?” உத்தமன் கத்தியை எடுக்காமலேயே, “நீ சொல்லு, கேட்டுக்கினுதான் கீறேன்,” என்கிறான், பிறகு என்னிடம், “ஆடாதீங்க நைனா, மீசை ஓரம்.” ஆடுகிறேனா? நான் ஆடவில்லை. உதடு தானாகத் துடிக்கிறது.

பழி போட்டார்கள் என்பது மட்டும் உண்மை. இரண்டு வருடமாக அவள் செய்த ஆய்வில் இரண்டு கட்டைகளின் அளவுகள் பொய், சோதனையே செய்யாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதியவை என்று பார்த்தசாரதிக்குச் சந்தேகம், சந்தேகத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் உலகநாதனிடம் கொண்டுபோனார், பொய் இல்லை என்று காட்டாவிட்டால் ஆய்வேடு அங்கேயே நின்றுவிடும், நின்றால் பரவாயில்லை, பொய் எழுதியவள் என்கிற பெயர் அவள் போகிற ஒவ்வொரு வாசலுக்கும் அவளுக்கு முன்னால் போய் நிற்குமே... எங்கள் குடும்பத்திலா? என் தகப்பனார் உபதேசியார், சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டை முப்பது வருடம் தன் கையால் எழுதியவர், ஒரு அடித்தல் ஒரு திருத்தல் கிடையாது, நான் பாதுகாப்புத் தொழிற்சாலையின் கட்டடப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் ஓவர்சியர், ஒரே ஒரு மெமோ வாங்கியதில்லை, என் மேசைக்கு வந்து ‘எட்மண்ட், இது என்ன’ என்று கேட்டவன் ஒருவன் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணைப் பார்த்து ஒருவர் கேட்கிறார், இந்த எண் உண்மையா என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும்? டேவிட்டுக்கு அதெல்லாம் புரியாது. அவனுக்கு இது சலூன் கதை.

அவள் எடுத்துக்கொண்ட விஷயமே எனக்குப் பிடிக்கவில்லை, ஆரம்பத்திலேயே சொன்னேன். கம்பி போடாத வெறும் காங்கிரீட்டில் விரிசல் எப்படி உண்டாகிறது, உண்டான பிறகும் அந்த விரிசலைத் தாண்டி ஒரு பக்கத்துப் பாரம் மறுபக்கத்துக்கு எப்படிப் போகிறது, அதைக் கணக்காக எழுதி கம்ப்யூட்டரில் போட்டு, எந்த விரிசல் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், இதுதான் அவள் ஆய்வு. விரிசல் விட்டது விட்டதுதானே, அதில் என்ன கணக்கு? என் காலத்தில் விரிசல் என்றால் யாரோ ஒருவன் தப்பு செய்திருக்கிறான் என்று அர்த்தம், தண்ணீர் கூடிவிட்டது, மணலில் மண், சென்ட்ரிங் பலகையை அவசரப்பட்டுப் பிரித்தான், ஆளைக் கண்டுபிடி, விரிசலை அடை, முடிந்தது. அவள் சிரித்தாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கி, விரல் கணுக்கள் ஒன்றின் இடுக்கில் ஒன்று உட்காரும்படி சேர்த்துப் பிடித்தாள். “இப்ப பாருங்கப்பா, இது விரிசல். ரெண்டு பக்கமும் ஜல்லி நீட்டிக்கிட்டு நிக்குது. ஒரு கைய கீழ தள்ளினா உடனே சறுக்காது, ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கும். ஏறித்தான் போகணும். ஏறினா கை விலகும், விலக விலக பிடி விட்டுப்போகும்.” அவ்வளவுதானாம். விரிசல் ஒடுக்கமாக இருந்தால் பிடி அதிகம், அகலமாக இருந்தால் பிடி குறைவு, எவ்வளவு அதிகம் எவ்வளவு குறைவு என்பதற்குத்தான் இரண்டு பக்கமும் துளை போட்ட நீளக் காகிதத்தில் கட்டுக் கட்டாக எண்கள். உடைந்த பிறகும் தாங்கும் என்கிறாயா என்றேன். உடைந்த பிறகு எவ்வளவு தாங்கும் என்கிறேன் என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. சகாயம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அவ படிச்சதைத்தானே சொல்றா, நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கிக்கறீங்க?” என்றாள். மனைவிமார்களுக்கு எல்லாமே மூஞ்சிதான்.

“நைனா, கன்னத்த உப்புங்க,” என்கிறான் உத்தமன், உப்புகிறேன், அறுபத்தோரு வயதில் நாவிதன் சொல்லுக்குக் கன்னத்தை உப்பிக்கொண்டு என் வீட்டுக் கதையை அடுத்தவன் வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்...

கட்டைகளை வார்த்தது நான்தான். கல்லூரியில் கிடந்த மணலைப் பார்த்தேன், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சேறு ஒட்டுகிறது, சும்மா விட முடியுமா, பருத்திப்பட்டில் என் வீட்டுக் கொல்லையிலேயே பலகை அடித்து, ஜல்லியைக் கழுவிக் காயவைத்து, தண்ணீரை அளந்து ஊற்றி ஆறு கட்டைகள், தனி ஆளாகத் தூக்க முடியாத கனம், மூலை ஒவ்வொன்றும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தது. ஈரமாக இருக்கும்போதே ஆணியால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கே.இ. என்று என் எழுத்தையும் தேதியையும் கீறினேன். எங்கள் தொழிற்சாலை வழக்கம் அது, வார்த்தவன் யார் என்று வார்த்த பொருளே சொல்ல வேண்டும், பத்து வருடம் கழித்து வெடித்தாலும் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரியும். இருபத்தெட்டு நாள் கோணி போட்டுத் தண்ணீர் ஊற்றி, குளிப்பாட்டிய பிள்ளைகளை அனுப்புவதுபோல வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அவள் என்ன செய்தாள்? ஆறையும் இயந்திரத்தில் வைத்து வேண்டுமென்றே நடுவில் பிளந்தாள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அகலத்துக்கு விரிசல், ஒன்றாவது கட்டைக்கு மயிரிழை, நான்காவதற்கும் ஆறாவதற்கும் எல்லாவற்றையும்விட அகலம், ஓர் அஞ்சலட்டை நுழையும். இரண்டு பாதியும் விலகி விழாமல் வெளியே இரும்புத் தகடும் போல்ட்டும் பிடித்துக்கொண்டிருக்கும், அப்படியே மேலிருந்து அழுத்தினால் ஒரு பாதி இன்னொரு பாதியின் மேல் எப்போது சறுக்குகிறது என்று பார்க்க வேண்டும், அதுதான் சோதனை. சோதனைக்கு முன்னால் அந்த நவம்பர் மழை, தொண்ணூற்றொன்றில், சோதனைக்கூடத்துக்குள் கணுக்கால் தண்ணீர், கட்டைகளை மறுபடியும் என் கொல்லைக் கொட்டகைக்கே கொண்டுவந்து பலகைமேல் வைத்தாள். “தொடாதீங்கப்பா. நான் பெங்களூர் போய்ட்டு வர பன்னெண்டு நாள் ஆகும், அங்கதான் பெரிய கம்ப்யூட்டர் குடுக்கறாங்க. அப்படியே இருக்கட்டும்.” தொடாதே என்று என்னிடம், என் கொட்டகையில். அவள் போன மறுநாள் இந்த டேவிட் சபைக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கூப்பிட வந்தான், கொட்டகைக்குள் தலையை நீட்டினான், சிரித்தான், எப்படிச் சிரித்தான்... “இன்னா அண்ணாத்தே, ஓவர்சியர் ஊட்டுக் காங்கிரீட்டே வாயப் பொளந்துகினு கீது? பேரு வேற எய்தி வெச்சுக்கீற!” இது பாடத்துக்காகப் பிளந்தது, வேண்டுமென்று பிளந்தது என்று சொன்னேன். “சரி சரி, ஆவட்டும் ஆவட்டும்,” என்றான். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் நான்கு பேர் என்னைப் பார்த்துச் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அதன் பிறகு... வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், உத்தமன் கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிறான், அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் டேவிட்டின் குரலை மூடுகிறது, நல்லது.

பிப்ரவரியில் துலுக்கானம் சைக்கிளில், கட்டைகளோடு வண்டியில் போன என் பலகைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தான். பலகைகளை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றான். “நைனா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நம்ம பாப்பா மேல காலேஜில பேச்சு அடிபடுது. ரெண்டு கட்டைக்கு ரீடிங் பொய்யாம். நாளைக்குப் பத்து மணிக்குப் பெரியவரு விசாரிக்கிறாரு.” மூன்று வாரமாக அவள் வீட்டில் வாய் திறக்கவில்லை, உடம்பு சரியில்லையா என்று சகாயம்மாள் கேட்டால் வேலை அதிகம் என்பாள், நான் அவளைப் பார்த்தால் தட்டைப் பார்ப்பாள், தட்டை நான் பார்த்தால் என்னைப் பார்ப்பாள், இதுதானா காரணம், பொய்க்காரி என்று ஒருவன் சொல்கிறான், அதை என்னிடம் சொல்லாமல் மூன்று வாரம் சாப்பிட்டாளா, தகப்பன் எதற்கு இருக்கிறான்? சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். காலையில் அவள் முதல் ரயிலில் போன பிறகு அடுத்த ரயிலில் நான். அம்பத்தூர் தாண்டும்வரை நின்றுகொண்டேதான் வந்தேன், ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான், வேண்டாம் என்றேன், உட்கார்ந்தால் கோபம் இறங்கிவிடும் என்று பயமாக இருந்தது... எந்த இரண்டு கட்டை என்று துலுக்கானத்திடம் நான் கேட்கவில்லை. இப்போது தோன்றுகிறது. முப்பத்திரண்டு வருடம் எது என்றாலும் எந்த இடம், எந்தத் தேதி, யார் வார்த்தது என்று முதலில் கேட்கிறவன், அன்றைக்கு எந்தக் கட்டை என்று ஏன் கேட்கவில்லை?

உள்ளே போனதும் பார்த்தசாரதி எழுந்து வந்தார், வழியை மறிப்பதுபோல. “சார், நீங்க வந்திருக்க வேண்டாம். இது டிபார்ட்மெண்ட் விஷயம்.” “அந்தக் கட்டையில என் பேர் இருக்கு, என் வீட்டில வார்த்தது,” என்றேன். “என் பொண்ணு பொய் எழுதினான்னா நான் எழுதின மாதிரி. என்னையும் கேளுங்க.” குரல் உயர்ந்துவிட்டது, டேவிட் சொல்வதில் அதுவும் சரி, சத்தம் போட்டேன். உலகநாதன் சத்தம் போடவில்லை, ஒரு நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை, அவர் ஒரு வரைபடத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். “நீங்க ஓவர்சியர், உங்களுக்குப் புரியும். விரிசல் அகலமா இருந்தா பிடி குறையணும், முதல்ல சறுக்கணும். உங்க பொண்ணு எழுதின கணக்கே அதைத்தான் சொல்லுது. நல்ல கணக்கு. நாலு கட்டை அதுபடிதான் சறுக்குது. எல்லாத்தையும்விட அகலமான ரெண்டு மட்டும் அசையாம நின்னு, மத்ததைப்போல ரெண்டு மடங்கு தாங்கி, கடைசியில டப்புன்னு உடைஞ்சிருக்கு. ஏம்மான்னா தெரியலைங்கறா. காரணம் தெரியவில்லைன்னு ஆய்வேட்டிலேயே எழுதி வச்சிருக்கா. உடைஞ்ச கட்டையக் காட்டுன்னா பதில் இல்ல.” வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் மற்ற நான்கையும் விட்டுத் தனியாக மேலே கிடந்தன, பக்கத்தில் சிவப்பு மையில் 4 என்றும் 6 என்றும். கண்ணில் பட்டது. மனதில் பட்டதா? பட்டிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன? “கட்டை எங்கே? கொண்டுவாங்க. பார்த்திடலாம். எங்க வீட்டுக் கட்டை பொய் சொல்லாது.” இதைச் சொன்னவன் நான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

ஜெயசீலி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், நான் வந்ததிலிருந்து என்னைப் பார்க்கவே இல்லை, அப்போதுதான் பார்த்தாள். “வேணாம்பா. நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்.” “எதுக்குப் பயப்படறே? தப்பு செஞ்சவ மாதிரி?” “அப்பா, ப்ளீஸ்.” எல்லார் முன்னாலும் ப்ளீஸ் என்கிறாள், என் வீட்டுப் பெண் கெஞ்சுகிறாள், எனக்கு வந்த கோபம் பார்த்தசாரதிமேல் இருந்ததைவிட அவள்மேல்தான் அதிகம் இருந்தது. துலுக்கானம் தலையைச் சொறிந்தான். “கட்டை கீதுங்க சார், டேபிளுக்கு அடியில. ஒடஞ்ச அன்னிக்கு பாப்பாவே ரெண்டு பாதியும் சேத்து கவுறு போட்டுக் கட்டி கோணி சுத்தி வெச்சுது. நான் எடுத்துக் கொட்றேன்னா தொடாதன்னுச்சு.” “வெளியே இழுடா,” என்றேன். “அவிழ்.” அவன் உலகநாதனைப் பார்த்தான், அவர் தலையசைத்தார். நான்கு சுற்றுக் கயிறு, இறுக்கமான முடிச்சு, அவிழவில்லை, அறுத்தான். பாதியைத் தூக்கித் தரையில் மல்லாக்க வைத்தான்.

உடைந்த காங்கிரீட்டின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஜல்லி கரடு முரடாக நீட்டிக்கொண்டு, பள்ளமும் மேடுமாக. இது அப்படி இல்லை. பள்ளமெல்லாம் நிரம்பி, சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு மெல்லிய படலம், காய்ந்த பாலாடை மாதிரி, ஓரத்தில் ஒரு நீலக் கோடு. துணி துவைக்கிற நீலச் சோப்பு. அந்தக் கோட்டைப் பார்த்த உடனே என் விரல் நுனிக்குத் தெரிந்துவிட்டது, மூளைக்குப் பிறகுதான். விரிசலின் பக்கவாட்டை அடைக்க நான் சோப்பைத்தான் தேய்ப்பேன், சிமெண்ட் பால் வெளியே கசியாது, காய்ந்த பிறகு கழுவினால் போய்விடும், தொழிற்சாலையில் இயந்திர மேடைகள் விரிசல் விட்டால் அப்படித்தான் அடைப்போம், புது சிமெண்ட்டைப் பழைய வேட்டித் துணியில் சலித்து, தண்ணீர்விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வார்த்து, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இறங்கும், இறங்க இறங்க மறுபடியும் வார்க்க வேண்டும், குமிழி வருவது நிற்கும்வரை. வாசலில் நான்கு பேர் பேச்சை நிறுத்திய அந்த ஞாயிறு, ஆராதனை உடுப்பைக்கூட மாற்றாமல் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். ஆறையும் அடைக்கவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்ற இரண்டை மட்டும். எட்டு நாள் ஈரக் கோணி போட்டேன். கார்பொரண்டம் சாணைக்கல்லால் தேய்த்தேன், வேலை செய்தது தெரியக்கூடாது, அதுதான் வேலை. நல்ல வேலை, அதைச் சொல்லத்தான் வேண்டும், ரெண்டு மடங்கு தாங்கியிருக்கிறது. அவள் பெங்களூரிலிருந்து திரும்பிய அன்றே துலுக்கானம் வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போய், விரிசல் ஓடுவது தெரிவதற்காக வழக்கப்படி ஆறுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிவிட்டான், அவள் கண்ணுக்கு எதுவும் படவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, முகம் துடைத்துவிட்டதுபோலத்தானே என்று நினைத்தேன்... நினைத்தேனா? விரிசலுக்குள் இறங்கிய சிமெண்ட் பால் கல்லாகும் என்று தெரியாத ஓவர்சியரா நான்?

உடைந்த அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றிப் பாதிகளைப் பிரித்தபோது பார்த்திருக்கிறாள், சோப்புக் கோடு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா, ஒரு நிமிடத்தில் என் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம், அந்த இரண்டு எண்களை அடித்துவிட்டாவது தப்பித்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள், ஆனால் எண்ணை அடிப்பது பொய், அதைச் செய்ய மாட்டாள், என் பெயரைச் சொல்வது... அதையும் செய்யவில்லை. வந்த எண்ணை வந்தபடி எழுதிவிட்டு, காரணம் தெரியவில்லை என்று ஒரு வரி. அவள் எழுதிய ஒரே பொய் அந்த வரிதான். எனக்காகப் பொய் எழுத அவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? குடும்பத்தின் மானத்தைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேனே, என் மானத்தை இவள் எதற்குக் கயிறு போட்டுக் கட்டி மேசைக்கு அடியில் வைத்தாள்?

“அப்பறம் இன்னா ஆச்சு?” என்கிறான் உத்தமன், கத்தி தொண்டைக்கு வந்துவிட்டது, தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்திருக்கிறான், எனக்கு இப்போது கூரை மட்டும்தான் தெரிகிறது. டேவிட்டின் குரல் கூரையிலிருந்து வருகிறது. “இன்னா ஆச்சா? அந்தப் பெரிய புரொபசரு, யாருய்யா இத்த அடச்சதுன்னு ஒரு கொரல் வுட்டாரு. கேட்டு வாய மூடல உத்தமா! அண்ணாத்தே நெஞ்ச நிமுத்திக்கினு ‘நான்தான்யா, இப்போ இன்னா?’ன்னு போட்டாரு பாரு ஒரு போடு. பொண்ண ஒரு வார்த்த பேச உடல. துலுக்கானம் சொல்றான், புல்லரிச்சிடுச்சாம். ஆம்பள அது!” உத்தமன் கத்தியை நிறுத்தி, “எங்க நைனாவா கொக்கா?” என்கிறான். என்னைப் புகழ்கிறார்கள். கொட்டகையில் சிரித்தவன் புகழ்கிறான். ஆராதனை தொடங்குவதற்குள் இது சபை வாசல்வரை வந்துவிடும், கமிட்டியில் கை கொடுப்பார்கள், என் தகப்பனார் பெயரைச் சொல்லி உபதேசியார் ரத்தம் அல்லவா என்பார்கள், நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

ஊர் திரும்பும் ரயிலில் அவளைத் திட்டினேன். அதற்குள் உலகநாதன் அந்த இரண்டு கட்டைகளையும் தள்ளிவிட்டு வேறு இரண்டு வார்த்துச் சோதிக்கச் சொல்லிவிட்டார், ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போகும், பொய் எழுதியவள் என்ற பெயர் போய்விட்டது, பார்த்தசாரதி அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை, புதுக் கட்டைகளைக் கல்லூரியிலேயே வார்க்கட்டும் என்று மட்டும் சொன்னார், என்னைப் பார்க்காமல். ரயிலில் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை, வீட்டிலேயே சொல்லியிருந்தால் நானே வந்து சொல்லியிருக்க மாட்டேனா என்று. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சொல்லுவீங்கன்னு நான் நெனக்கலப்பா,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வராது என்று சொல்வதுபோலச் சொன்னாள். இருவரும் ஆவடியில் இறங்கினோம், அவள் முன்னால் நடந்தாள்.

அன்றிலிருந்து இந்தக் கோபம்தான், பன்னிரண்டு நாளாக, பார்த்தசாரதிமேல், துலுக்கானம்மேல், டேவிட்மேல், அவள்மேல்... அவள் அங்கே சுவரோரமிருந்து ஓரடி முன்னால் வந்து அந்த வார்த்தையைச் சொன்னபோது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கியது, நன்றாக நினைவிருக்கிறது, தோள் தளர்ந்தது, மூச்சு வந்தது, அதைத்தான் கோபம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் தோள் தளருமா? கோபத்தில் மூச்சு அப்படிச் சுகமாக வருமா? அப்படியானால் அது என்ன? கூரையில் ஒரு பல்லிகூட இல்லை, பார்வையை வைக்க ஓர் இடம் இல்லை. உத்தமன் ஈரத்துணியால் முகத்தைத் துடைக்கிறான், தலையை நிமிர்த்துகிறான், கண்ணாடியில் மறுபடி டேவிட், இன்னும் சிரித்துக்கொண்டு. “இன்னா அண்ணாத்தே, நான் சொன்னது கரீட்டுதானே?”

கழுத்துத் துணியை நானே அவிழ்த்தேன். எழுந்து அவன் பக்கம் திரும்பினேன்.

“இல்ல டேவிட். துலுக்கானம் உனக்குத் தப்பாச் சொல்லியிருக்கான். கேட்ட உடனே நான் சொல்லல. மூணு தடவ கேட்டாங்க. மொதல் தடவ யாரும் பேசல. ரெண்டாவது தடவ என் பொண்ணு, ‘நான்தான் சார் அடைச்சேன்’னு சொன்னா. நான் பக்கத்தில நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அதை அவங்க நம்பாம மூணாவது தடவ கேட்டாங்க. அப்பதான் சொன்னேன்.”